முந்நூறு கட்டங்களுக்கு ஒரு படிவம்

மக்கள் நலவாழ்வு குறித்த ஓர் ஆய்வுக்காகக் காகிதத்தில் நிரப்பிய கணக்கெடுப்புத் தாள்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், அதற்கு மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு படிவம் செய்து தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொகுப்பு, ஒவ்வொன்றிலும் 18 பக்கங்கள், விடை எழுதும் கட்டங்கள் 310. அதுவரை நான் செய்திருந்த படிவங்கள் முப்பது நாற்பது புலங்களை, அதாவது விடை வைக்கும் இடங்களை, தாண்டியதில்லை. சிறிய படிவத்தையே நீட்டிக்கொண்டு போனால் பெரிய படிவம் கிடைத்துவிடும் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த நினைப்போடு ஐந்து வாரம் உழைத்துக் கட்டிய படிவத்தை முழுவதும் கைவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. இரண்டாவதாகச் செய்தது ஆய்வு முடியும்வரை ஓடியது. இந்த இரண்டுக்கும் நடுவே கற்றுக்கொண்டவற்றை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில வாரங்களாவது மிச்சமாகும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதல் படிவம் நின்றுபோன இடம் இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. பதினாறாம் பக்கத்துக்குரிய ஒரு பெட்டியை வைக்கப் போனபோது, இனி இதில் எதையும் சேர்க்க முடியாது என்று மென்பொருள் மறுத்துவிட்டது. அக்சஸில் ஒரு படிவம் அதன் வாழ்நாள் முழுவதற்குமாக 754 கன்ட்ரோல்களையும் பிரிவுகளையும் மட்டுமே ஏற்கும். படிவத்தில் வைக்கும் பெட்டி, லேபிள், கோடு ஒவ்வொன்றும் ஒரு கன்ட்ரோல்தான். வாழ்நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். வைத்துப் பார்த்துப் பிறகு அழித்தவையும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு விடைக்கு ஒரு பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு லேபிள் என்று இரண்டிரண்டாக வைத்தாலே 310 கட்டங்களுக்கு 620 ஆகிவிடுகிறது. கோடுகள், தலைப்புகள், சட்டங்கள், ஐந்து வாரமாக வைத்தும் அழித்தும் பார்த்தவை எல்லாம் சேர்ந்து மிச்சத்தைத் தின்றுவிட்டன. கன்ட்ரோல்களை நகலெடுத்து ஒரு புதிய வெற்றுப் படிவத்தில் ஒட்டினால் அழித்தவற்றின் கணக்கு போய்விடும் என்பது உண்மைதான். நானும் அதைச் செய்து இன்னும் இரண்டு பக்கங்களை முடித்தேன். ஆனால் அந்த நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஒரே படிவத்துக்கு இத்தனை பெட்டிகள் எதற்கு என்பதே.

அதற்கும் முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. அக்சஸில் ஓர் அட்டவணைக்கு 255 புலங்கள்தான் உச்ச அளவு. கட்டத்துக்கு ஒரு புலம் என்று தொடங்கியிருந்த நான், அந்த அளவில் முட்டிக்கொண்டதும் அட்டவணையைப் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என வெட்டி, குடும்ப எண்ணால் இரண்டையும் கோத்துவிட்டு மேலே போய்விட்டேன். இப்போது யாராவது 255 புலம் போதவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டால், மென்பொருளை விட்டுவிட்டு அட்டவணையைக் காட்டச் சொல்கிறேன். ஒரு பொருளைப் பற்றி உண்மையிலேயே 255 தனித்தனிச் செய்திகள் இருக்கும் நிலையை நான் இதுவரை மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

தாளை மேசைமேல் பக்கம் பக்கமாகப் பரப்பி, ஒவ்வொரு கட்டமும் யாரைப் பற்றிய செய்தி, எதைப் பற்றிய செய்தி என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. குடும்ப உறுப்பினர்களுக்கென்று பத்து வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம்: மொத்தம் 90. குழந்தைகளின் தடுப்பூசி விவரம் ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு: 40. கடந்த ஓராண்டில் எடுத்துக்கொண்ட சிகிச்சைகள் ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு: 42. இந்த அறிகுறிகளில் எவை இருந்தன என்று ஒரு பட்டியல்: 24. இவை மட்டுமே 196 கட்டங்கள். குடும்பத்தைப் பற்றி நேரடியாகக் கேட்பவை என்று எஞ்சியவை 114. கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல் உறவுமுறை மாதிரியை (தரவைத் தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் முறையை) வெளியிட்டதிலிருந்து வளர்ந்த இயல்பாக்க விதிகளை, அதாவது ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனி அட்டவணை வைக்கச் சொல்பவற்றை, நான் படித்திருந்தேன்; தேர்விலும் எழுதியிருக்கிறேன். இருந்தும் அழகாகக் கட்டம் போட்டு அச்சடித்த தாள் கண்முன் இருந்ததால், அந்தக் கட்டங்களையே அட்டவணை என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். தாளில் பத்து வரிசை இருப்பதற்குக் காரணம் பக்கத்தின் உயரம்தான். பதினோராவது உறுப்பினரை ஓரத்தில் சாய்த்து எழுதியிருந்த தாள்கள் எங்களுக்கு வந்த கட்டுகளில் நிறையவே இருந்தன. என் முதல் படிவத்தில் அந்தப் பதினோராவது ஆளுக்கு இடமே இல்லை.

உறுப்பினர், தடுப்பூசி, சிகிச்சை, அறிகுறி என்று நான்கு அட்டவணைகள் பிரிந்ததும் படிவம் தானாகவே சிறுத்தது. தொடர்வரிசைத் துணைப்படிவம் (படிவத்துக்குள் அமர்ந்து, ஒரே வரிசை அமைப்பை ஆளுக்கு ஆள் திரும்பக் காட்டும் சிறு படிவம்) ஒன்றில் ஒன்பது பெட்டிகளை ஒரே ஒருமுறை வரைந்தால், உறுப்பினர் மூவராக இருந்தாலும் பதின்மூவராக இருந்தாலும் அதே ஒன்பதுதான் திரும்பத் திரும்ப வரும். 754 என்ற எல்லையை அதன்பிறகு நான் நெருங்கக்கூட இல்லை.

அறிகுறிப் பட்டியலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் செய்த பிழை வெளியே தெரியாத வகையைச் சேர்ந்தது. முதல் வடிவத்தில் 24 அறிகுறிகளுக்கும் 24 ஆம்/இல்லை புலங்களை வைத்து, டிக் செய்யும் பெட்டிகளாகக் காட்டியிருந்தேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. ஆனால் அக்சஸின் ஆம்/இல்லை புலம் வெறுமையை ஏற்காது. அதில் இருப்பது ஆம், அல்லது இல்லை. கேட்டு இல்லை என்று சொன்னவர், கேள்வியே கேட்கப்படாமல் விடுபட்டவர், தெரியவில்லை என்றவர் ஆகிய மூவருமே இல்லை என்ற ஒரே விடையில் கலந்துபோனார்கள். முடிவுகளைக் கணக்கிட்டால் நோயே இல்லாத ஊர் போலத் தெரியும். ஆகவே இரண்டாவது வடிவத்தில் அதை எண் புலமாக மாற்றி, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2, தெரியாது என்றால் 8, தாளில் விடை எழுதப்படாமல் இருந்தால் 9 என்று வைத்தோம். இப்படிப்பட்ட குறியெண்களை உண்மையான விடையோடு மோதாத இடத்தில் வைக்க வேண்டும். வயதுக்கு 99 என்று வைத்தால் தொண்ணூற்றொன்பது வயதுப் பாட்டி காணாமல் போய்விடுவார். அங்கே 999 வைத்தோம்.

அறிகுறிகள் தனி அட்டவணைக்குப் போனதால், புதிய குடும்பப் பதிவு சேமிக்கப்பட்ட உடனே 24 வரிசைகளையும் ஒரு சேர்ப்பு வினவல் (அட்டவணையில் வரிசைகளைச் சேர்க்கும் கட்டளை) உருவாக்கி வைத்துவிடும்படி செய்தேன். உள்ளீட்டாளருக்கு அறிகுறியின் பெயர் முன்கூட்டியே நிரம்பிய பட்டியல் தெரியும். அவர் எண்ணை மட்டும் அடித்துக்கொண்டு கீழே இறங்கலாம். அந்தத் துணைப்படிவத்தில் புதிய வரிசை சேர்ப்பதையும் அழிப்பதையும் தடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டியிருந்தது: குடும்பப் பதிவு வட்டில் சேமிக்கப்படுவதற்கு முன் வினவலை ஓட்டினால், தாய்ப்பதிவு இல்லாத பிள்ளைப்பதிவுகளை உறவு விதி ஏற்காது.

இதுவரை சொன்னது அட்டவணை சார்ந்தது. படிவத்தைப் பயன்படுத்துகிறவர் சார்ந்ததை, ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். அங்கே தரவு உள்ளீட்டில் பல்லாண்டு அனுபவம் உள்ள ஓர் அக்கா இருந்தார். அவர் இடது கை தாளின் மேல் இருக்கும். ஓர் அடிக்கோலைக் கேள்விக்குக் கேள்வி கீழே நகர்த்திக்கொண்டே வரும். வலது கை எண்பலகையின் மேல் இருக்கும். கண் பெரும்பாலும் தாளில்தான். திரையை அவர் எப்போதாவது மட்டுமே நிமிர்ந்து பார்ப்பார். நானோ திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்காக ஒரு படிவம் செய்திருந்தேன். விடைப் பட்டியலாக விரியும் காம்போ பெட்டிகள், மவுஸால் தொட வேண்டிய பொத்தான்கள், நிறம் மாறும் தலைப்புகள் என அவருக்கு எதுவும் உதவவில்லை. ஒவ்வொரு முறை மவுஸைத் தேடிக் கை போகும்போதும் அடிக்கோல் இடம் மாறியது. அடிக்கோல் மாறினால் கேள்வியும் தவறுகிறது. ஒரு மணி நேரம் பார்த்திருந்தேன். கடைசியில் அவர், "தம்பி, நான் தாளைத் திருப்பினால் திரையும் திரும்ப வேண்டாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி படிவத்தின் அமைப்பையே தீர்மானித்தது. நான் அட்டவணைகளின்படி பக்கங்களைப் பிரித்திருந்தேன். தாளில் நான்காம் பக்கத்தில் இருந்த ஒரு கேள்வி திரையில் இரண்டாம் டேபில் (படிவத்துக்குள் தனியே திறக்கும் பக்கத்தில்) இருந்தது. அதை மாற்றி, தாளின் ஒரு பக்கத்துக்குத் திரையில் ஒரு டேப், அதே கேள்வி எண்கள், அதே வரிசை, தாளில் வலப்பக்கம் இருந்தால் திரையிலும் வலப்பக்கம் என்று வைத்தேன். எந்தப் பக்கத்திலும் மேலும் கீழும் உருட்டத் தேவையில்லாதபடி பார்த்துக்கொண்டேன். அக்சஸ் 22 அங்குல உயரம்வரை ஒரு பிரிவை நீட்ட அனுமதிக்கும், ஆனால் ஒரு திரைக்கு மேல் நீண்ட படிவத்தில் தாம் எங்கே நிற்கிறோம் என்பது தட்டச்சு செய்பவருக்குத் தெரியாமல் போகிறது. கேள்வியின் முழு வாசகத்தையும் திரையில் எழுத வேண்டியதில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அவருக்குத் தேவை கேள்வி எண்ணும் இரண்டொரு சொற்களும்தான். வாசகம் தாளில் இருக்கிறது.

விடைகளைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதா, குறியெண்ணாக அடிப்பதா என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு. தாளில் குறியெண் அச்சாகியிருந்தால் எண்ணை அடிக்க விட வேண்டும். அடித்தவுடன் அதன் பொருளைப் பக்கத்தில் சிறு எழுத்தில் காட்டினால் போதும். நூற்றுக்கணக்கில் விரியும் ஊர்ப் பட்டியல், தொழிற்பட்டியல் போன்றவற்றுக்கு மட்டும் காம்போ பெட்டி பொருந்தும். கடைசி இலக்கம் விழுந்ததும் தானாக அடுத்த பெட்டிக்குத் தாவும் வசதியைச் சில பெட்டிகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். உள்ளீட்டு முகமூடி, அதாவது எத்தனை இலக்கம் விழலாம் என்ற வரையறை, இருக்கும் பெட்டியில்தான் அது வேலை செய்யும். ஒரு பெட்டி தானாகத் தாவ, அடுத்தது என்டர் விசைக்குக் காத்திருக்க, விரல்களின் தாளம் கெட்டுப் பிழைகள் கூடின. எல்லாவற்றிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் எதிலும் இருக்கக் கூடாது. நாங்கள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டோம். அக்சஸில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு குறுக்குவிசைகளை மட்டும் ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டினோம்: கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளி அடித்தால் இன்றைய தேதி விழும், ஒற்றை மேற்கோள் குறி அடித்தால் முந்தைய பதிவில் அதே புலத்தில் இருந்த மதிப்பு வரும். ஒரே தெருவின் தாள்கள் அடுத்தடுத்து வரும்போது இரண்டாவது விசை மிகுந்த நேரத்தை மிச்சப்படுத்தியது.

இனி நடந்த தவறைச் சொல்கிறேன். படிவம் பயன்பாட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், ஒரு குடும்பத்தில் தந்தையின் வயது முப்பத்திரண்டு, மகனின் திருமண ஆண்டு தந்தை பிறந்த ஆண்டுக்கும் முந்தையது என்று ஒரு பதிவு கிடைத்தது. தாளை எடுத்துப் பார்த்தால், முதல் மூன்று பக்கங்கள் ஒரு குடும்பத்துடையவை, நான்காம் பக்கத்திலிருந்து எல்லாமே முந்தைய எண்ணுள்ள குடும்பத்துடையவை. அக்சஸ் படிவத்தில் சைக்கிள் என்றொரு பண்பு உண்டு. அதன் இயல்பான அமைப்பு, கடைசிப் பெட்டியில் டேப் விசையை அழுத்தினால் அடுத்த பதிவுக்குப் போவது. டேப் கன்ட்ரோலின் ஒரு பக்கத்தில் கடைசிப் பெட்டி முடிந்ததும், குவியம், அதாவது அடுத்த தட்டச்சு விழும் இடம், அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை. டேப் கன்ட்ரோலை விட்டே வெளியேறுகிறது. வெளியே வேறு பெட்டி எதுவும் இல்லாததால் அடுத்த குடும்பத்தின் பதிவுக்குத் தாவிவிட்டது. திரையில் அதே பக்கமே தெரிவதால் தாவியதற்கான அறிகுறி எதுவும் கிடையாது. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நான்காம் பக்கத்தைத் திறந்து, வேறொரு குடும்பத்தின் விடைகள்மீதே அடித்துக்கொண்டு போயிருக்கிறார். பிழை அவருடையது என்று அந்த அறையில் சிலர் பேசினார்கள். முழுக்க என்னுடையது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அந்த இரண்டு வாரத்துத் தாள்கள் அத்தனையையும் மறுபடி சரிபார்த்தோம்.

இதற்குச் செய்த திருத்தங்கள் நான்கு, நான்கும் அதன்பின் நான் செய்த எல்லாப் படிவங்களிலும் உண்டு. சைக்கிள் பண்பை 'நடப்புப் பதிவு' என்று மாற்றினேன். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிறு பெட்டி வைத்து, குவியம் அதில் விழுந்தவுடன் அடுத்த பக்கத்தின் முதல் பெட்டிக்கு அனுப்பும்படி எழுதினேன். குடும்ப எண்ணையும் குடும்பத் தலைவர் பெயரையும் எந்தப் பக்கத்திலும் மறையாதபடி படிவத்தின் தலைப்பகுதியில் பெரிய எழுத்தில் வைத்தேன். இவற்றைவிட முக்கியமானது நான்காவது: எல்லாப் பதிவுகளையும் திறந்துவைத்து அவற்றில் உலவ விடாமல், எண்ணைக் கேட்டு, அந்த ஒரு பதிவை மட்டும் திறக்கும்படி மாற்றினேன். அடுத்த பதிவு என்ற ஒன்றே இல்லாதபோது அதற்குத் தாவவும் முடியாது. அக்சஸ் 2003 வரையிலான பதிப்புகளில் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே அடுத்த பதிவுக்குப் போய்விடும். 2007 பதிப்பில்தான் அது மாறியது. பழைய பதிப்பில் ஓடும் படிவங்களைப் பராமரிப்பவர்களுக்கு இந்த நான்காவது திருத்தம் இன்னும் அவசியம்.

தாவல் விதிகள், அதாவது 'இல்லை என்றால் 47-ஆம் கேள்விக்குச் செல்க' என்பவை, பெரிய படிவங்களில் தவறாமல் தொல்லை தருபவை. தேவையற்ற பெட்டிகளை மறைப்பதைவிடச் செயலிழக்க வைப்பதே நல்லது என்பது என் அனுபவம். மறைத்தால் திரையில் ஓட்டை விழுந்து, தாளோடு பொருந்தும் அமைப்பு குலைகிறது. குவியம் இருக்கும் பெட்டியை மறைக்கவோ செயலிழக்க வைக்கவோ அக்சஸ் விடாது. முதலில் குவியத்தை நகர்த்திவிட்டே அதைச் செய்ய வேண்டும். நான் சறுக்கியது இன்னோர் இடத்தில். விடை மாறும்போது நடக்கும் 'ஆஃப்டர் அப்டேட்' நிகழ்வில் மட்டும் இந்த நிரலை எழுதியிருந்தேன். வேறொரு பதிவைத் திறந்தால் முந்தைய பதிவின் நிலையே நின்றது. பதிவு மாறும்போது நடக்கும் 'கரன்ட்' நிகழ்விலிருந்தும் அதே நிரலை அழைக்க வேண்டும். பெட்டி பெட்டியாகப் பெயர் சொல்லி எழுதாமல், ஒரு தாவலுக்கு உட்பட்ட எல்லாப் பெட்டிகளின் 'டேக்' பண்பிலும் ஒரே குறிச்சொல்லை எழுதி, அந்தக் குறிச்சொல் உள்ளவற்றைச் சுற்றிவந்து திறக்கவோ பூட்டவோ செய்யும் ஒரே செயல்முறையை எழுதினேன். இதனால் 23 தாவல்களுக்கும் ஒரே நிரல் போதுமானதாயிற்று. புதிய பெட்டி சேர்ந்தால் டேக் எழுதினால் போதும். ஏற்கெனவே விடைகள் அடித்த பிறகு வாயில் கேள்வியின், அதாவது தாவலைத் தீர்மானிக்கும் கேள்வியின், விடை 'இல்லை' என்று மாறினால் உள்ளே இருக்கும் விடைகளை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். சொல்லாமல் அழிப்பது பெருந்தவறு. எத்தனை விடைகள் அழியப்போகின்றன என்று எண்ணிக்கையோடு கேட்டு, ஒப்புதல் பெற்றே அழித்தோம்.

சரிபார்ப்பில் நான் தொடக்கத்தில் மிகக் கண்டிப்பாக இருந்தேன். ஒரு விடை விடுபட்டாலும் பதிவு சேமிக்கப்படக் கூடாது என்று பதிவு சேமிக்கப்படுவதற்குச் சற்று முன் நடக்கும் 'பிஃபோர் அப்டேட்' நிகழ்வில் தடை போட்டேன். பெரிய படிவத்தில் இது நடக்காத காரியம். முதன்மைப் படிவத்திலிருந்து துணைப்படிவத்துக்குள் குவியம் போகும் கணத்திலேயே முதன்மைப் பதிவை அக்சஸ் சேமித்துவிடும். இரண்டாம் பக்கத்தில் உறுப்பினர் விவரத்துக்குள் நுழைந்தவுடன், இன்னும் வராத பதினெட்டாம் பக்கத்தின் விடை எங்கே என்று என் தடை கேட்டது. உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற விதியையும் அங்கே வைக்க முடியாது, ஏனெனில் முதன்மைப் பதிவு சேமிக்கப்பட்ட பிறகே உறுப்பினர் பிறக்க முடியும். அது மட்டுமன்று, பாதியில் உணவு வேளை வரும், கணினி நிற்கும், தாளில் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கும். பாதி வேலையைச் சேமிக்க விடாத படிவத்தில், சேமிக்க வேண்டும் என்பதற்காகப் பொய் விடைகளை அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அடித்தார்கள்; நான் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எனவே பதிவுக்கு 'நிலை' என்றொரு புலம் சேர்த்தேன்: தொடங்கியது, முடிந்தது, சரிபார்த்தது. எந்த அரைகுறை நிலையிலும் பதிவைச் சேமிக்கலாம். 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தும்போது மட்டும் எல்லாச் சோதனைகளும் ஓடும். நடக்கவே முடியாதவை ஒரு வகை: நேர்காணல் தேதிக்குப் பிந்தைய பிறந்த தேதி, பட்டியலில் இல்லாத குறியெண். இவற்றைத் தடுத்தோம். நடப்பது அரிதானவை இன்னொரு வகை: தொண்ணூற்றேழு வயது, ஒரே வீட்டில் பதினாறு பேர். இவற்றை எச்சரித்துவிட்டு ஏற்றுக்கொண்டோம், ஏற்றதைக் குறித்தும் வைத்தோம். தாளில் இருப்பதை இருக்கிறபடி அடிப்பதுதான் உள்ளீட்டாளரின் வேலை. அதைத் திருத்தும்படி படிவம் அவரை நெருக்கக் கூடாது. எச்சரிக்கைக்கு முதலில் செய்திப் பெட்டிகளைப் பயன்படுத்தினேன். மூன்றாம் நாளே எல்லோரும் படிக்காமல் என்டர் அடித்து அவற்றை மூடப் பழகிவிட்டார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, ஐயத்துக்குரிய பெட்டியின் பின்னணியை மஞ்சளாக்கி, பக்கவாட்டில் ஒரு பட்டியலில் கேள்வி எண்ணோடு காரணத்தைக் காட்டினேன். பக்கம் முடிந்ததும் ஒருமுறை நிமிர்ந்து அந்தப் பட்டியலைப் பார்ப்பது அவர்களுடைய வழக்கமாயிற்று.

தேதிகளைப் பற்றி ஒரு சொல். நாள், மாதம் என்ற வரிசையில் அமைந்த கணினியில் ஒருவர் 04/13 என்று அடித்தால், பதின்மூன்றாம் மாதம் இல்லையே என்று அக்சஸ் நின்றுவிடாது. இடம் மாற்றி ஏப்ரல் 13 என்று ஏற்றுக்கொள்ளும். உதவி போலத் தோன்றும் இந்தச் செயல், பிழையைப் பிழை என்று தெரியாமல் செய்துவிடுகிறது. மேலும், பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தவர்கள், மாதம்வரை தெரிந்தவர்கள் தாள்தோறும் வருவார்கள். ஆகவே நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு என மூன்று எண் பெட்டிகளாகப் பிரித்துவிட்டேன். முழுத் தேதி கிடைக்கும்போது மட்டும் அதை வினவலில் கோத்துக்கொண்டோம்.

குடும்ப எண்ணைத் தவறாக அடிப்பதைத் தடுக்க, மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு எண்ணோடு சேர்க்கும் சோதனை இலக்கம் ஒன்றை வைத்தோம். பலரும் அறிந்த லூன் முறை ஓர் இலக்கம் மாறுவதை எப்போதும் பிடித்துவிடும், ஆனால் 09 என்பது 90 ஆக இடம் மாறினால் விட்டுவிடும். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969-இல் வெளியிட்ட முறை அடுத்தடுத்த இலக்கங்களின் இடமாற்றங்கள் அனைத்தையும் பிடிக்கும். எழுத வேண்டியது சில வரி நிரலும் மூன்று சிறு அட்டவணைகளும்தான் என்பதால் அதையே வைத்தோம்.

வேகத்தைப் பொறுத்தவரை இரண்டு செயல்கள் போதுமானவையாக இருந்தன. துணைப்படிவங்கள் எல்லாம் தொடக்கத்திலேயே ஏறாமல், அந்தந்த டேப் முதன்முறை திறக்கும்போது ஏறும்படி மாற்றினேன். தரவை ஒரு கோப்பிலும் படிவங்களை இன்னொரு கோப்பிலுமாகப் பிரித்து, படிவக் கோப்பின் தனிப் பிரதியை ஒவ்வொரு கணினியிலும் வைத்தேன். ஒரே படிவக் கோப்பைப் பகிர்ந்த நாள்களில் அது பழுதடைந்ததை இரண்டு முறை பார்த்தாயிற்று.

தாள்களின் ஒரு பகுதியை இருவர் தனித்தனியே அடித்து ஒப்பிடும் இரட்டை உள்ளீட்டு முறையையும் வைத்திருந்தோம். அது உள்ளீட்டாளரின் பிழையை அளக்கும் கருவி என்றே எல்லோரும் கருதுகிறார்கள். நான் ஒப்பீட்டு முடிவை ஆள்வாரியாக அல்லாமல் கேள்விவாரியாக எண்ணிப் பார்த்தேன். வேறுபாடுகள் எங்கும் பரவியிருக்கவில்லை. ஏழெட்டுக் கேள்விகளில் குவிந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றில் தாள் மேலிருந்து கீழாக இறங்க, என் படிவம் இடமிருந்து வலமாகப் போனது. இன்னொன்றில் ஒரு பக்கம் முழுவதும் 1 என்றால் ஆம் என்றிருக்க, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் 1 என்றால் 'ஒருபோதும் இல்லை' என்று தாளிலேயே அச்சாகியிருந்தது. முதலாவதைத் திருத்தினேன். இரண்டாவதுக்கு, அந்தப் பெட்டியின் பின்னணி நிறத்தை மட்டும் மாற்றி, அடித்த எண்ணின் பொருளைப் பெரிய எழுத்தில் காட்டினேன். அடுத்த மாத ஒப்பீட்டில் அந்த இரண்டு கேள்விகளும் பட்டியலின் மேல்பகுதியில் இல்லை.

ஃபைல்மேக்கர், லிப்ரேஆஃபீஸ் பேஸ், ஆரக்கிள் ஃபார்ம்ஸ் போன்ற வேறு தரவுத்தள மென்பொருள்களில் வேலை செய்பவர்களுக்குப் பெயர்கள் மாறும். துணைப்படிவம் ஃபைல்மேக்கரில் போர்ட்டல் ஆகும், ஆரக்கிள் ஃபார்ம்ஸில் மாஸ்டர், டீடெயில் என்ற பிளாக்குகள் ஆகும். ஆனால் எந்தக் கணத்தில் பதிவு சேமிக்கப்படுகிறது, கடைசிப் பெட்டிக்குப் பின் குவியம் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் முதல் நாளிலேயே ஒரு சிறு மாதிரிப் படிவத்தில் சோதித்துவிடுவது எந்த மென்பொருளிலும் நல்லது. சோதனைக்கு நாமே கற்பனையாக நிரப்பிய தாள்கள் உதவாது. களத்திலிருந்து வந்த உண்மையான தாள்களில், அடித்தல் திருத்தல் மிகுந்தவையாகப் பார்த்து இருபதை எடுத்து, அவற்றை அடிப்பவர் கையிலேயே கொடுத்து, பக்கத்தில் பேசாமல் உட்கார வேண்டும்.

ஆய்வின் நடுவில் கணக்கெடுப்புத் தாள் திருத்தப்பட்டு இரண்டாம் பதிப்பு வந்தது. ஆறு கேள்விகள் நீங்கின, ஒன்பது சேர்ந்தன, 47-ஆம் கேள்வியின் எண் வேறொரு கேள்விக்குப் போய்விட்டது. புலங்களுக்குக் 'கேவி47' என்று கேள்வி எண்ணையே பெயராக வைத்திருந்ததால், ஒரே புலத்தில் இரண்டு பொருள் கலக்கும் நிலை வந்தது. புலங்களின் பெயர்களை எல்லாம் பொருள் சார்ந்தவையாக மாற்றினேன். எந்தப் பதிப்பில் எந்த எண் எந்தப் புலத்துக்கு உரியது என்பதை ஒரு தனி அட்டவணையில் எழுதிவைத்து, படிவம் திறக்கும்போது லேபிள்கள் அதிலிருந்து எண்களை எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். பதிவில் 'தாள் பதிப்பு' என்ற புலம் சேர்ந்தது. எண்ணை அடித்தவுடன் அந்தத் தாளின் பதிப்புக்குரிய பக்க அமைப்போடு படிவம் திறக்கும். பழைய பதிப்புத் தாள்கள் மூன்று மாதங்களுக்குப் பின்னும் களத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. அக்கா எந்தத் தாளை எடுத்தாலும், அவர் பக்கத்தைத் திருப்பும்போது திரையும் அதே பக்கத்துக்குத் திரும்பியது.